சிப்பி நார் ஆராய்ச்சிக்கு எதற்கு வரிப்பணம்?

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "எம்.எஸ்சி. விலங்கியல் முடிக்கப் போகிறேன். சிப்பி பாறையில் ஒட்டுகிற நார், மீன் தோல், எலும்பு, தேங்காய் நார் இதெல்லாம் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைக்கிற நாட்டுக்கு இது தேவையா என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் பிஎச்டி சேரலாமா?"

அப்பா கேட்டதில் தப்பே இல்லை. "அறிவியல் வளர வேண்டாமா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அவர் வாயை அடைக்கக் கூடாது, அது அவருடைய பணமும்தான். நான் இந்தத் துறையில் அரசுச் சம்பளம் வாங்கியவன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். என் கருத்து இதுதான்: இந்த ஆராய்ச்சியில் பணம் போடுகிற இடம் ஒன்று, பலன் வந்து விழுகிற இடம் வேறு. ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து இது வீண், இது உருப்படி என்று பிரிக்க முடியாது. வீணாகிற பணம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது, ஆனால் அது சிப்பி நாரில் வீணாகவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மாட்டுத் தோலிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்னை அடையாறில் 1948-ல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது, தோல் பதனிடும் தொழிலுக்காக. செருப்பும் பெல்ட்டும் செய்கிற தோலுக்கு ஆராய்ச்சி நிலையமா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்கிற புரதம். நம் உடம்பில் இருக்கிற மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அதுதான்: எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய், கண்ணின் கார்னியா, இதய வால்வின் இதழ் எல்லாவற்றிலும் இருக்கிறது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஜி.என். ராமச்சந்திரன் தலைவராக வந்தார். அப்போது சென்னைக்கு வந்திருந்த பெர்னல் என்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனுக்கு இதுவரை வந்த மாடல் எதுவும் சரியாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரனுக்கு அது போதும். பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த சுத்தமான கொலாஜன் கிடைத்தது, அதன் எக்ஸ்ரே படங்களை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் முதல் மாடலை வெளியிட்டு, 1955-ல் அதைத் திருத்தினார்கள்.

அந்த மாடல் என்ன சொன்னது என்று நம் ஊர்க்காரருக்குப் புரியவைப்பது சுலபம். மூன்று பிரிக் கயிறு திரிக்கும்போது ஒவ்வொரு பிரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவோம், அப்போதுதான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அப்படியேதான். மூன்று சங்கிலி, ஒவ்வொன்றும் இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. மூன்றும் நெருக்கிக்கொண்டு நிற்பதால் நடுவில் இடமே கிடையாது. ஆகவே சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் இருப்பதிலேயே சிறியதான கிளைசின் மட்டும்தான் உட்கார முடியும்.

இந்த ஒரு வரிக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள். பிறவியிலேயே எலும்பு நொறுங்குகிற ஒரு நோய் உண்டு, குழந்தை லேசாக விழுந்தாலே எலும்பு முறியும், சில குழந்தைகளுக்குத் தூக்கினாலே முறியும். அதில் மோசமான வகைகள் பலவற்றுக்கும் காரணம், ஆயிரம் அமினோ அமிலத்துக்கு மேல் நீளமான சங்கிலியில் ஏதோ ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்துவிடுவதுதான். நடுவில் இடமில்லாததால் முறுக்கு அங்கே கெட்டுப்போகிறது. அப்புறம் ஸ்கர்வி. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, ஆறிய பழைய காயமே திரும்பப் பிளந்ததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. முறுக்கு உடம்புச் சூட்டில் அவிழாமல் நிற்க ஹைட்ராக்ஸிபுரோலின் என்கிற அமினோ அமிலம் வேண்டும், அதைச் செய்கிற நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். எலும்பு டாக்டரோ மாலுமியோ இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் ரிச், கிரிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ராமச்சந்திரனின் மாடலைக் குறை சொன்னார்கள்: சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். சில விவரங்களில் அவர்கள் சொன்னதுதான் பின்னால் நிலைத்தது. ஆனால் இவர் சும்மா விடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் துருவி, சசிசேகரனோடும் ராமகிருஷ்ணனோடும் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம், எதில் மடியவே முடியாது என்று ஒரே வரைபடத்தில் அடக்கி 1963-ல் வெளியிட்டார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க அந்த வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளும்தான். அதற்கு உரிமைத்தொகை என்று ஒரு பைசா யாரும் தர வேண்டியதில்லை.

இங்கேதான் அப்பாவின் கேள்விக்கு முதல் பதில். ஒரு கம்பெனி ஏன் இதற்குப் பணம் போடாது? இயற்கையில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்தால் நம் காப்புரிமைச் சட்டப்படி அதற்குக் காப்புரிமை கிடையாது. கொலாஜன் மூன்று பிரி என்று கண்டுபிடித்தவர் அதைப் பூட்டி வைத்து விற்க முடியாது. பலன் எல்லோருக்கும் போகிறது என்றால் செலவும் எல்லோர் தலையிலும்தான் விழும். இந்தியா மொத்த ஆராய்ச்சிக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம். அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு எல்லாம் அதற்குள்ளேயே வருகிறது. அந்த மூன்றும் எடுத்தது போக, உயிர்ப்பொருளின் கட்டமைப்புக்கு வந்து சேர்வதை நிறுத்தினால் எத்தனை கட்டில் வாங்கலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆஸ்பத்திரி என்றதும் நமக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நினைவுக்கு வராமல் இருக்காது. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது நம் சொந்தத்தில் இருப்பார். அது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிற நிறுவனம். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் பூஜப்புரையில் பழைய சேடல்மண்ட் அரண்மனையில் ஆராய்ச்சிப் பிரிவு. டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே உருவான வால்வு 1990 டிசம்பரில் முதல்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்று வடிவங்கள் தோற்றன: ஒன்றில் பற்றவைத்த இடம் உடைந்தது, ஒன்றில் தட்டு தேய்ந்தது, செயற்கை நீலக்கல் தட்டு போட்டதும் சரிப்படவில்லை. நான்காவதாக வந்த பாலிஎத்திலீன் தட்டுதான் இன்று வரை ஓடுகிறது, ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தியாகிவிட்டது, இறக்குமதி வால்வைவிட விலையும் மிகக் குறைவு. மூன்றாவது வடிவம் தோற்றபோது தணிக்கை அதிகாரி யாராவது வந்து "பத்து வருஷமாக என்னய்யா செய்கிறீர்கள்" என்று நிறுத்தியிருந்தால்?

அது உலோகமும் பிளாஸ்டிக்கும், திசு இல்லை. திசு வால்வின் கதை இன்னும் சுவாரசியம். பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ எடுத்து மனிதனுக்கு வைத்தால், அப்படியே விட்டால் உடம்பு அரித்துத் தின்றுவிடும். 1960-களின் கடைசியில் ஃபிரான்ஸைச் சேர்ந்த அலைன் கார்பான்டியே அதைக் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்தார். அந்த வேதிப்பொருள் கொலாஜன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து விறைப்பாக்குகிறது, நோய் எதிர்ப்புச் சக்தியின் கண்ணிலிருந்தும் ஓரளவு மறைக்கிறது. தோல் பதனிடுகிறவர்களும் சில வகைத் தோலுக்கு அதே பொருளைப் பயன்படுத்துகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் நெஞ்சுக்குள் வைக்கிற திசு வால்வு பதனிட்ட தோல். வாணியம்பாடித் தோல் தொட்டிக்கும் இதய ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே வேதியியல்.

ஸ்ரீசித்ராவிலேயே பன்றியின் பித்தப்பையை எடுத்து, அதிலுள்ள செல்களையெல்லாம் கழுவி நீக்கி, மிஞ்சுகிற கொலாஜன் வலையைப் புண்ணுக்குப் போடுகிற சவ்வாக மாற்றியிருக்கிறார்கள். சோலிடெர்ம் என்று பெயர், 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்த செய்தி வந்தது. எலி, முயல், நாய்களில் சோதித்தபோது தீக்காயம், சர்க்கரைப் புண் ஆகியவை தழும்பு குறைவாக ஆறின. நம் மாவட்டத்தில் சர்க்கரைப் புண்ணில் கால் விரல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தெருவில் விசாரித்தாலும் தெரியும். பன்றிப் பித்தப்பை ஆராய்ச்சிக்கு நிதி என்று பேப்பரில் பார்த்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்?

சரி, சிப்பிக்கு வருவோம். குளச்சல், கடியப்பட்டணம், இனயம் பாறைகளில் மூழ்கி எடுக்கிற பழுப்புச் சிப்பியை வீட்டில் கழுவும்போது ஓட்டின் இடுக்கில் ஒரு கொத்து நார் நீட்டிக்கொண்டிருக்கும், பிடுங்கிப் போட்டுவிடுவோம். அடுத்த தடவை ஒரு நாரைத் தனியாகப் பிரித்து இழுத்துப் பாருங்கள். சதையோடு சேர்ந்த பக்கம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், நன்றாக இழுபடும். பாறைப் பக்கம் வழுவழுப்பாக, விறைப்பாக இருக்கும். நுனியில் சின்னதாக ஒரு தட்டு, அதுதான் பாறையில் ஒட்டியிருந்த இடம். சிப்பிக்கு நாக்கைப் போல ஒரு பாதம் உண்டு, அதன் அடியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. பாதத்தைப் பாறையில் அழுத்தி, அந்தப் பள்ளத்துக்குள் திரவப் புரதங்களை விட்டு, சில நிமிடத்தில் ஒரு நாரை வார்த்து முடித்துவிடும். அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீருக்குள்ளேயே.

அந்த நாருக்குள் என்ன இருக்கிறது? திரும்பவும் கொலாஜன். நடுவில் நம் மூன்று பிரி, இரண்டு முனையிலும் வேறு சரக்கு: இழுபடுகிற பக்கத்தில் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள எலாஸ்டினை ஒத்த பகுதிகள், விறைப்பான பக்கத்தில் பட்டு நூல் புரதத்தை ஒத்த பகுதிகள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது திடீர் எல்லை கிடையாது, கலவை மெல்ல மெல்ல மாறுகிறது. மெத்தென்ற சதையையும் கருங்கல்லையும் ஒரே நூலால் கட்டினால் சேர்கிற இடத்தில்தான் முதலில் அறும், அது அறாமல் இருப்பது இதனால்தான். நம் உடம்பில் தசைநாண் எலும்போடு சேர்கிற இடமும் இதே மாதிரிதான் படிப்படியாக மாறுகிறது. செயற்கை மூட்டு செய்கிறவர்களுக்கும் பல் கட்டுகிறவர்களுக்கும் தலைவலியே இந்தச் சேர்மானம்தான்.

ஒட்டுகிற தட்டில் இருக்கிற ரகசியம் டோபா என்கிற அமினோ அமிலம், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற லெவோடோபாவும் அதே மூலக்கூறுதான். சிப்பிப் பசையில் அது இருப்பதை ஹெர்பர்ட் வெயிட் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில் காட்டினார். சாதாரணப் பசை ஈரத்தில் தோற்பதற்குக் காரணம், பசைக்கும் பரப்புக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் உட்கார்ந்துகொள்வதுதான். டோபா அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் பாறையைப் பிடிக்கிறது. நாரின் மேல்தோலிலோ டோபாவும் இரும்பும் கைகோத்து, உடையாமல் நீளக்கூடிய கடினமான உறையாகிறது. 2007-ல் அமெரிக்காவில் மெசர்ஸ்மித் குழு, டோபாவை ஒத்த டோபமைனைக் கொஞ்சம் காரத்தன்மை உள்ள தண்ணீரில் கரைத்து எதை முக்கினாலும் மேலே மெல்லிய ஒட்டுப் படலம் உண்டாகும் என்று காட்டியதும், ஈரத் திசுவில் ஒட்டுகிற அறுவைப் பசை, மருத்துவக் கருவிப் பூச்சு என்று ஆராய்ச்சி பெருகிவிட்டது. கப்பலின் அடியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி டீசலைத் தின்கிற தொல்லைக்காக அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் இந்தத் துறைக்கு நெடுங்காலமாகப் பணம் கொடுத்து வருகிறது. ஒட்டாமல் இருக்க வழி தேடப்போய் ஒட்டவைக்கிற வழி கிடைத்தது.

தேங்காய் நாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாரின் செல் சுவரில் செல்லுலோஸ் இழைகள் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. நாரின் நீளவாக்குக்கு அந்தச் சுருளின் சாய்வு தேங்காய் நாரில் 45 டிகிரியை ஒட்டி, வாழை நாரில் சுமார் 11 டிகிரி. சாய்வு கூடினால் இழுத்தால் நீளும், குறைந்தால் விறைப்பாக நின்று சட்டென்று அறும். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள சிஎஸ்ஐஆர் என்கிற மத்திய ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகம் 1980-களிலேயே இந்த வேலையைச் செய்திருக்கிறது. மண் அரிப்பைத் தடுக்க விரிக்கிற வலைக்குத் தேங்காய் நாரும், விறைப்பான பலகைக்கு வாழை நாரும் ஏன் என்பதற்கு விளக்கத்தில் ஒரு பங்கு அந்தக் கோணத்தில் இருக்கிறது.

இனி வீணாகிற பணம். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். கோடிக்கணக்கில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வாங்குவார்கள், திறப்பு விழா நடக்கும், பித்தளைப் பலகையில் பெயர் இருக்கும். மூன்று வருட உத்தரவாதம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குத் திட்டத்தில் பணம் இல்லை. ஓட்டுகிற ஆப்பரேட்டர் ஒப்பந்த ஊழியர், அவரும் போய்விடுவார். அப்புறம் அதன் மேல் பிளாஸ்டிக் உறைதான். மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும் என்று வேண்டாத கருவி வாங்குவது ஒரு பக்கம், அதே வளாகத்தில் ஆராய்ச்சி மாணவனுக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் ஹாஸ்டல் மெஸ்ஸில் கடன் நிற்பது இன்னொரு பக்கம். அப்பாவுக்குக் கோபம் வர வேண்டியது இதற்கு.

இன்னொரு ஓட்டை, லேபுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிறது. குளிர்க்கடல் மீனின் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே அவிழ்ந்துவிடும், காட் மீனுக்கு 15 டிகிரி பக்கமே தாங்காது. வெப்பக் கடல் மீனின் கொலாஜன் அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டைத் தாங்கும், ஆகவே மருத்துவத்துக்கு நம் கடல் மீன்தான் தோதானது. பிரேசிலில் திலேப்பியா மீன் தோலையே சுத்தம் செய்து தீக்காயத்தின் மேல் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்திடம் மீன் கழிவிலிருந்து கொலாஜன் பெப்டைடு எடுக்கிற தொழில்நுட்பம் இருக்கிறது. நம் துறைமுகங்களில் தோலும் செதிலும் குடலும் ஒன்றாகக் குவிந்து, வெயிலில் கிடந்து, மீன் தூளுக்கோ உரத்துக்கோ போகிறது. தோலை மட்டும் தனியாகப் பிரித்து உடனே ஐஸில் போடவில்லையென்றால் சில மணி நேரத்திலேயே புரதம் கெட்டுவிடும், பிறகு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. அதற்குத் தேவை ஒரு ஐஸ் பெட்டி, ஒரு மேசை, கிலோவுக்கு இவ்வளவு என்று உறுதியாகக் கொடுக்கிற ஒரு வியாபாரி. ஆராய்ச்சித் திட்டத்தில் இந்த மூன்றுக்கும் செலவுத் தலைப்பே கிடையாது.

பிஎச்டி விஷயம். சேரலாம் தம்பி, ஆனால் தலைப்பைப் பார்த்துச் சேராதீர்கள், லேபைப் பார்த்துச் சேருங்கள். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிக்கொண்டு போவது நல்லது, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வழிகாட்டியின் திட்ட நிதி நின்றாலும் உங்கள் பணம் தனியாக வரும், தாமதமானாலும் வரும். விலங்கியல் படித்தவர்களுக்கு ஒரு வசதி, உயிரியைத் திறந்து எந்தத் திசு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், இயற்பியல் பையன்களுக்கு அது தெரியாது. உங்களுக்குக் குறை கணிதமும், அணுக்களின் அமைப்பைக் காட்டுகிற எக்ஸ்ரே விளிம்பு விளைவும், அதோடு கொஞ்சம் பைத்தான் கணினி மொழியும், இந்த வருஷமே ஆரம்பித்துவிடுங்கள். சொந்தமாகப் பெரிய கருவி இல்லாத லேப் என்றால் பயப்பட வேண்டாம், சென்னை ஐஐடியிலும் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்திலும் வெளியாட்கள் கட்டணம் கட்டிச் சாம்பிள் கொடுத்துப் பார்க்கிற பொதுக் கருவி மையங்கள் இருக்கின்றன, ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே என்று தேடலாம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, முந்தின நாளே போய் அங்கிருக்கிற சீனியர் மாணவர் ஒருவரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த வழிகாட்டியிடம் கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது. அப்புறம் கருவியின் லாக் புக்கைப் பார்க்க முடியுமா என்று. யார், என்ன சாம்பிள், எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதியிருக்கும். கடைசிப் பதிவு போன வாரத்துத் தேதியாக இருந்தால் தாராளமாகச் சேரலாம். போன வருடத்துத் தேதி என்றால் வேறு லேப் பாருங்கள்.